வலி இல்லை என்று அப்பா சொன்னார்

நம் வயதுக்காரர்கள் கூடுகிற இடத்தில் இப்போதெல்லாம் பேச்சு முட்டிவலியில் ஆரம்பித்துச் சர்க்கரையில் போய் முடிகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என்னோடு படித்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதிதாக ஒரு மாத்திரை போடுவதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். தெரியாது என்றார். டாக்டரிடம் கேட்கவில்லையா என்றேன். "அவருக்கு வெளியில அத்தனை பேர் காத்திருக்காங்க, எப்படிக் கேக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்கு டம்ளரை நீட்டினார்.

எனக்கு வியப்பாக இல்லை. நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். டாக்டர் பேசுவார், அப்பா தலையாட்டுவார், அம்மா மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைப்பாள், நாம் நாக்கை நீட்டிக் காட்டுவோம். அவ்வளவுதான் நம் பங்கு.

என் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஏன் மடங்கியே இருக்கின்றன என்று என் நண்பர்களான உங்களில் பலர் கேட்க நினைத்திருப்பீர்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. மராத்திக்காரர்கள் ஊரில், விஷ்ராந்த்வாடி என்கிற பகுதியில் ஆளந்தி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், பிறகு ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு அம்மாவை அழைத்து வந்தார். அப்பாவுக்கு ஆபீஸ் இங்கிலீஷும் ஆபீஸ் ஹிந்தியும் தெரியும். அம்மாவுக்குக் காய்கறி வாங்குகிற ஹிந்தி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மராத்தி, தெருவில் ஹிந்தி, வாசலில் செருப்பைக் கழற்றியதும் தமிழ்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு மணல் கொட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுவரில் ஏறி மணலில் குதிப்போம். ஜூலை மாதம் விடாமல் மழை பெய்து, சில நாட்கள் யாரும் வெளியே போகவில்லை. மழை விட்ட அன்று சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் நான் சுவரில் ஏறினேன். மணலை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீர்தானே என்று குதித்தேன். அடியில் ஜல்லி கிடந்தது.

முழங்கைக்குக் கீழே, வளையக் கூடாத இடத்தில் கை வளைந்திருந்தது. உடனே அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுக் காகு, மராத்தியில் சித்தி என்கிற மாதிரி, அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு நீல பிளாஸ்டிக் வளையல்கள் அந்தக் கையில் இருந்தன. அவை உடையவில்லை என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. அப்படியே என்னை நடுவில் உட்காரவைத்து, பின்னால் அம்மா என் கையைத் துண்டில் ஏந்திப் பிடித்துக்கொள்ள, ஏரவாடா போகிற வழியில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனோம். அப்பாவின் ஆபீசர் எப்போதும் புகழ்கிற டாக்டர் அங்கே இருந்தார். ஆபீசர் பெயரைச் சொன்னதும் காத்திருந்தவர்களைத் தாண்டி எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பேசி முடிக்கும்வரை அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பெரிய உருவம். விரல்களில் சோப்பு வாசனை. ஒரு சிஸ்டர் கத்திரிக்கோலால் வளையல்களை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். மயக்க ஊசி போட்டார்கள். விழித்தபோது எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாளித் தண்ணீரில் நனைத்த துணிச் சுருளைப் புஜத்திலிருந்து விரல் அடி வரை சுற்றிச் சுற்றி வந்தார்கள். சுண்ணாம்பு அடித்த வீட்டு வாசனை. ஈரமாக இருந்த கட்டு கொஞ்ச நேரத்தில் சூடாயிற்று. அந்தச் சூடு இதமாகக்கூட இருந்தது.

"பிரேவ் கேர்ள்," என்றார் டாக்டர். வீக்கம் இருப்பதால் இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னார்.

ராத்திரியில் வலிக்க ஆரம்பித்தது. எலும்பு உடைந்த வலி இல்லை அது. உடைந்தபோது வலித்தது எனக்குத் தெரியும். இது வேறு. வீங்கிக்கொண்டே போகிற ஒன்றை நகராத சுவருக்குள் வைத்து அடைத்த மாதிரி இருந்தது.

"டைட்டா இருக்கும்மா," என்று அம்மாவிடம் சொன்னேன். "ரொம்ப டைட்டா இருக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா போய் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். "எலும்பு ஒடஞ்சா வலிக்கத்தான் செய்யும்ங்காங்க. ஊசி போடுவாங்க, சரியாயிரும்."

சிஸ்டர் ஊசியோடு வந்தபோது நானே ஹிந்தியில் சொன்னேன், சிஸ்டர், கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று. அவர் மலையாளிகள் பேசுகிற ஹிந்தியில், "நல்ல பிள்ளை அழாது," என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினார். அவர் போன பிறகு அப்பா குனிந்து, "ஏட்டி, நான் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன். பெரியவங்க பேசும்போது நடுவுல பேசக்கூடாது. அவங்களுக்குத் தெரியாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தருகிற குரல் அது.

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அழுதேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு. ஊசி போட்ட கிறக்கத்தில் தூங்கியும் போனேன்.

காலையில் வலி இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு எறும்புகளும் போய்விட்டன. கட்டுக்குள் கை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கட்டு மட்டும் கனத்தது. வெளியே தெரிந்த விரல்கள் பிஞ்சுக் கத்திரிக்காய் நிறத்தில் பளபளவென்று இருந்தன. யாருடைய விரல்களோ என் போர்வையின் மேல் கிடந்தன. நான் நிம்மதியாக இருந்தேன். அம்மா பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து ஊட்டியதைத் தின்றேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் சிஸ்டர். அப்பா எழுந்து நின்றார்.

"எனி பெயின்?" என்று டாக்டர் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அழவில்லை. வாயில் பிஸ்கட் இருந்தது.

"நோ பெயின், சார். மச் பெட்டர்."

"குட், குட்." பேனாவால் கட்டைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்று கேட்டது. பிறகு என்னிடம், விரலை அசை பார்ப்போம் என்றார் ஹிந்தியில். நான் முயன்றேன். எங்கே முயல்வது என்றே தெரியவில்லை. தோளை ஆட்டினேன். தோளோடு கட்டும், கட்டோடு விரல்களும் ஆடின. அதற்குள் அவர் சிஸ்டரிடம் அடுத்த படுக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன் என்று நினைக்கிறேன். என்ன சொல்லியிருப்பேன்? வலிக்கவில்லை என்பதை எப்படிப் புகாராகச் சொல்வது? வலித்தபோது சொன்னேன், அது தப்பாகிவிட்டது. இப்போது வலிக்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அப்பா முகம் முந்தின நாளிலிருந்து அன்றைக்குத்தான் தெளிந்திருந்தது. ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார்.

மத்தியானம் காகு ஒரு டப்பாவில் ரவா ஷிரா, நம் கேசரி மாதிரி, கொண்டுவந்தார். நெய் வாசனை அறை முழுக்க நின்றது. என் தலையைத் தடவி, "கித்தி ஷஹாணி," என்றார். எவ்வளவு சமர்த்து என்று அர்த்தம். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அது கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

காகு போனதும் அம்மா ஈரத்துணியை எடுத்து என் விரல்களில் காய்ந்திருந்த சுண்ணாம்பைத் துடைக்க உட்கார்ந்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரலால் என் விரலைத் தொட்டாள். பிறகு இடது கை விரலைத் தொட்டாள். மறுபடி வலது கை.

"கண்ண மூடு," என்றாள்.

மூடினேன்.

"எந்த வெரலத் தொடுதேன், சொல்லு."

"நீ இன்னும் தொடலியே."

கண்ணைத் திறந்தேன். அம்மா என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகத்தை அழுத்தியிருந்தாள். விரலை எடுத்த பிறகும் நகம் வெள்ளையாகவே இருந்தது.

அம்மா படித்தது எட்டாம் வகுப்பு வரை. இதெல்லாம் என்ன என்று அவளுக்குத் தெரியாது. பிற்காலத்தில் ஒருமுறை கேட்டேன், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று. "கண்டெல்லாம் பிடிக்கல. சில்லுன்னு இருந்துச்சு, பயந்துட்டேன்," என்றாள்.

ஆபீஸ் விட்டு அப்பா வந்ததும் சொன்னாள். "வெரல் சில்லுன்னு இருக்கு. தொட்டா தெரியலங்கா. போய் டாக்டர்ட்ட ஏன்னு கேளுங்க."

"காலைலதான பாத்தாங்க."

"காலைல தட்டிப் பாத்தாங்க. தொட்டுப் பாக்கல."

"நாமளா போய் இப்படிக் கேட்டா, அவங்க செஞ்சதுல தப்பு சொல்லுத மாதிரி ஆயிரும். ஆபீசர் சொல்லி வந்திருக்கோம். நாளைக்குக் காலைல வருவாங்கல்லா, அப்பம் கேப்போம்."

"என்னன்னுதான கேக்கச் சொல்லுதேன்."

"சும்மா இரி."

அம்மா சும்மா இருந்தாள், கொஞ்ச நேரம். எங்கள் அறை தரைத்தளத்தில் வாசலை ஒட்டி இருந்தது. கதவு திறந்திருந்தது. டாக்டர் பையோடு படியிறங்கிப் போவது தெரிந்தது. காரின் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து செருப்பில்லாமல் வெளியே போனாள். கார் நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் கிடந்தது. படுக்கையிலிருந்து எனக்கு அம்மாவின் முதுகும் டாக்டரின் முகத்தில் பாதியும் தெரிந்தன.

"ஸாப், ஹாத் டண்டா," என்றாள். கை குளிர்ந்து கிடக்கிறது என்று.

நாளைக்கு ரவுண்ட்ஸில் பார்க்கிறேன் என்றார் டாக்டர்.

"கல் நை. ஆஜ். கியூன் டண்டா?" நாளைக்கு இல்லை, இன்றைக்கு, ஏன் குளிர்ந்திருக்கிறது?

பிளாஸ்டர் இன்னும் ஈரமாக இருக்கும், அதனால்தான் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார்.

"பிளாஸ்டர் டண்டா நை, ஸாப். உங்லி டண்டா." விரல் என்று புரியவைக்கத் தன் விரல்களை விரித்துக் காட்டினாள்.

அதற்குள் அப்பா ஓடிப்போய்விட்டார். "சாரி சார், ஷீ டஸ்ன்ட் நோ ஹிந்தி, சார்," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, அம்மாவிடம் அடிக்குரலில், "உள்ள போ. எல்லாரும் பாக்காங்க," என்றார். மருந்துக் கடை வாசலில் நின்றவர்கள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாக்கட்டும்," என்றாள் அம்மா. அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரிடம், "ஆப் ஆவ். தேக்கோ. பிர் ஜாவ்," என்றாள். வா, பார், பிறகு போ. மரியாதையாகப் பேசுகிற ஹிந்தி அவளுக்குத் தெரியாது. தள்ளுவண்டிக்காரரிடம் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துப் பேசுகிற ஹிந்திதான் அவளிடம் இருந்தது.

அப்பாவின் தலை குனிந்திருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பையைக் கார் இருக்கையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பெரியவர்கள் முகம் அப்படி மாறி அதுவரை பார்த்ததில்லை. முதலில் நகத்தை அழுத்தினார். பிறகு விரல்களைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். கட்டுக்குள்ளே எங்கோ ஆழத்தில் வலி சுரீரென்று எழுந்தது. கத்திவிட்டேன். சட்டையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து விரல் நுனியில் குத்தினார். அதற்கு நான் கத்தவில்லை. சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்டர் கொண்டு வா," என்றார் சிஸ்டரிடம்.

வட்டரம்பம் மாதிரியான ஒரு மெஷினால் கட்டை மேலிருந்து கீழ்வரை அறுத்துப் பிளந்தார்கள். வெள்ளைப் பொடி பறந்தது. உள்ளே இருந்த கை இரண்டு மடங்காகி, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டாக்டர் தானே போன் செய்து, நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களைத் தன் காரிலேயே அனுப்பினார். அங்கே அன்றைக்கே முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை தோலைத் திறந்து உள்ளே வீங்கி இறுகிக் கிடந்த சதையை விடுவித்தார்கள். கையை எடுக்காமல் விட்டதே பெரிது என்று பிறகு சொன்னார்கள். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் எடுத்திருப்பார்களாம்.

காரில் ஏற்றும் முன் டாக்டர் என் தலைமாட்டில் குனிந்து கேட்டார். "பேட்டா, ஒய் டிட்ன்ட் யூ டெல் மீ?"

குழந்தே, ஏன் என்னிடம் சொல்லவில்லை? அந்த மழைக்காலம் முழுக்க இந்தக் கேள்விதான். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வருகிறவர்கள் கேட்டார்கள். காகு கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்க வந்த டீச்சர் கேட்டார். ஊரிலிருந்து வந்த அத்தை, "வாயில்லாப் பூச்சியால்லா இருக்கா," என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பாவும் ஒருநாள் கேட்டார். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டே, "வலிக்கலன்னு நெனச்சிட்டேன்ட்டி. நீ ஏன் சொல்லல?" என்றார்.

"அவ சொன்னா," என்றாள் அம்மா, ஜன்னல் பக்கமிருந்து.

அப்பா உரிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, சொன்னேனா இல்லையா என்று. எல்லோரும் நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னார்கள், பொறுமைசாலி என்றார்கள். அது நன்றாகத்தான் இருந்தது கேட்க. நானும் அப்படியே இருந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை நீளத்துக்கு ஒரு சிவப்புத் தழும்பு. இரண்டு விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக்கொண்டன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. ஒருநாள் சமையலறையில் அம்மாவோடு பேசிக்கொண்டே தோசைக்கல்லின் ஓரத்தில் கையை வைத்திருந்தேன். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தாள். நானும் அடுப்பைப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, கருகுவது என் விரல் என்று.

சாயங்காலங்களில் அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் பயிற்சிக்கு அழைத்துப் போவார். உருக்கிய மெழுகு நிறைந்த ஒரு தொட்டியில் கையை முக்கி முக்கி எடுப்பார்கள். கைக்கு வெள்ளை உறை போட்ட மாதிரி மெழுகு படியும். அணைத்த மெழுகுவத்தியின் வாசனை. அது ஆறியதும் உரித்துவிட்டு விரல்களை நிமிர்த்துவார்கள். பிறகு விரல்கள் மறுபடி மடங்காமல் இருக்கப் பட்டையும் கம்பியுமாக ஒன்றை மாட்டிவிடுவார்கள். அப்பா வெளியே பெஞ்சில் காத்திருப்பார். ஒருநாள் கூடத் தவறியதில்லை. மழையில் நனைந்து வந்தாலும் துண்டால் தலையைத் துவட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"எப்பப்பா சரியாகும்?"

"தீவாளிக்குள்ள சரியாயிரும்."

தீபாவளி வந்தது. நான் கம்பி மத்தாப்பை இடது கையில் பிடித்தேன். அது முடிந்ததும், "பொங்கலுக்குள்ள ஆயிரும்," என்றார். பள்ளிக்கூடத்தில் என்னை எழுதச் சொல்லவில்லை. டீச்சர் முதல் பெஞ்சில் உட்காரவைத்து, கை சரியாகட்டும், அப்புறம் எழுதலாம் என்று விட்டுவிட்டார். மற்றவர்கள் எழுதும்போது நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூடியில் தாஜ்மகால் படம் போட்ட என் காம்பஸ் பாக்ஸ் அந்த மாதங்களில் எங்கேயோ தொலைந்தது. தேடவில்லை. வீட்டில் அம்மா பிசைந்து ஊட்டினாள். ஸ்பூனை இடது கையில் எடுத்தால் அப்பா, "அந்தக் கையால வேண்டாம், கொஞ்ச நாள்தான," என்பார். பத்து வயதில் வாயைத் திறந்து காத்திருப்பது முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவும் மரத்துப் போயிற்று. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. கொஞ்ச நாள்தானே என்று இருந்தேன். இந்தக் கொஞ்ச நாள் முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிவைத்திருந்தேன்.

பொங்கலும் முடிந்து, அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்போதும் பார்க்கிற டாக்டரம்மாதான். என் கையைத் திறந்து விடுவித்த குழுவில் இருந்தவர். இளவயசு, மராத்திக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுத்தான் கையைப் பார்ப்பார். பார்த்தார், அளந்தார், அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் "யெஸ் டாக்டர்," என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டு அவர் எழுத ஆரம்பித்தார். அப்பா எழுந்தார். கதவருகில் அடுத்த ஆள் வந்து நின்றாயிற்று.

நான் எழவில்லை. தீர்மானம் எதுவும் செய்துகொண்டு போகவில்லை. எழ வேண்டிய நேரத்தில் எழவில்லை, அவ்வளவுதான்.

மராத்தியில் கேட்டேன். அப்பாவுக்கு மராத்தி அரைகுறை. அதனால்தான் அந்த மொழியில் கேட்டேனா, டாக்டரம்மா மராத்திக்காரர் என்பதால் தானாக வந்ததா, தெரியாது.

"ஹே பரத் யேணார் கா?" இது திரும்பி வருமா?

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எது?"

"கை."

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். இங்கிலீஷில், மெதுவாக, "நான் இதை முதல் மாதமே உங்களிடம் சொன்னேனே. குழந்தையிடம் நீங்கள் சொல்லவில்லையா?" என்றார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

அப்பா நின்றபடியே இருந்தார். அவர் கையில் ஸ்கூட்டர் சாவி இருந்தது.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். மராத்தியில் சொன்னார். முழுதாகத் திரும்பாது. இந்த இரண்டு விரல்களுக்குப் போகிற சதை ரத்தம் இல்லாமல் செத்துப்போய்விட்டது, செத்தது பிழைக்காது. பயிற்சி, இன்னும் மோசமாகாமல் இருக்க. கட்டைவிரலில் கொஞ்சம் உணர்ச்சி வரலாம், ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். பெரியவளான பிறகு ஓர் ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் நிமிரும்.

"எழுத முடியுமா?"

"இந்தக் கையால் கஷ்டம். இன்னொரு கை இருக்கிறதே. இதுவரை பழகவில்லையா?"

"இல்லை. சரியாகும் என்று சொன்னார்கள்."

அவர் மறுபடி அப்பாவைப் பார்த்தார்.

இன்னும் சில கேள்விகள் கேட்டேன். செத்துப்போன சதை உள்ளே அழுகுமா? தழும்பு என்னோடு வளருமா? ஊசி குத்தினால் தெரியாதது போல நெருப்பு சுட்டாலும் எப்போதும் தெரியாதா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சிலவற்றுக்குத் தெரியாது என்று சொன்னார். கதவருகில் நின்றவர் இருமினார். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாரோ ஒருவர் கணக்குக்கு விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்ட மாதிரி இருந்தது. விடை பிடித்ததா இல்லையா என்பது வேறு.

திரும்பி வரும்போது ஏரவாடா சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. அப்பா திரும்பாமலே பேசினார்.

"ஒனக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவன்னு நெனச்சேன்."

பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"சரிப்பா," என்றேன்.

அவர் இன்னும் ஏதோ சொன்னார். பச்சை விளக்கு விழுந்துவிட்டது, லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா இப்போது இல்லை.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். எப்போதும் அப்பாவிடம் கேட்பவள் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

சொன்னேன். டாக்டரம்மா சொன்ன வரிசையிலேயே, மராத்தியிலிருந்து தமிழுக்கு மாற்றி மாற்றிச் சொன்னேன். செத்தது பிழைக்காது என்ற இடத்தில் அம்மா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். முழுவதையும் கேட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத மாசமே."

"எங்கிட்டயும் சொல்லல."

அப்பா செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து ஓரமாக வைத்தார். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அதற்குமேல் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா உள்ளே போனாள். சோறு போட்டு, ரசம் ஊற்றி, அப்பளத்தை ஓரமாக வைத்துத் தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். பிசையவில்லை. இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன. நான் வழக்கம்போல வாயைத் திறக்கப் போனேன்.

"நீயே சாப்பிடு," என்றாள்.

"எப்படிம்மா?"

"அந்தக் கையால."

நான் கூடத்துப் பக்கம் பார்த்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

இடது கையைத் தட்டில் வைத்தேன். சோறு சூடாக இருந்தது. அந்த விரல்களுக்கு எல்லாம் தெரிந்தது. பருக்கை, ரசம், மிளகு, எல்லாம். முதல் கவளம் பாதி மடியில் சிந்தியது. இரண்டாவதும் சிந்தியது. அம்மா துடைக்க வரவில்லை.